கரையில் ஒரு ஆள் வேண்டும்

டோக்கன் அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. யாரும் அதை வெளியே எடுப்பதில்லை. பெரிய துணிக்கடை ஒன்றின் வாசலில், மாடிப்படிக்கு அடியில், சட்டென்று எழுந்தால் மண்டை இடிக்கிற இடத்தில் உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களின் பைகளை வாங்கி வைப்பது அவள் வேலை. ஒரே எண் போட்ட வில்லைகள் இரண்டு. ஒன்று பையின் காதில் தொங்கும், மற்றது வாடிக்கையாளர் கையில் போகும். கையில் போனது பாதி நாள் தொலையும்.

தொலைத்தவர்கள் வந்து நிற்பதைப் பார்க்கவே டிக்கெட் போடலாம். "என்னோடது கறுப்புப் பைங்க" என்பார்கள். உலகத்தில் பாதிப் பை கறுப்பு. "உள்ள என்ன இருக்கு, சொல்லுங்க" என்று அக்கா கேட்பாள். அங்கேதான் ஆசாமிகள் நெளிவார்கள். கோட்டு போட்ட ஒரு பெரிய மனிதர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "பல்செட்டு" என்று காதோரம் சொன்னார். இன்னொருவர் உயிருள்ள கோழியைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரைச்சீலை வாங்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் அது முட்டையிட்டுவிட்டது. "முட்டையும் உங்களோடதுதாங்க" என்று அக்கா காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். இத்தனை வருடத்தில் ஒரு பை மாறிப் போனது கிடையாது. திருடனால் பொருள் போவதில்லை, அசட்டையால்தான் போகிறது என்பது அவள் கட்சி.

வீட்டிலும் அதே உத்தியோகம்தான், சம்பளம் மட்டும் கிடையாது. குடும்பத்தோடு கடலுக்குப் போனால், வேனை விட்டு இறங்கிய மறுகணம் மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், செல்போன், கொழுந்தனாரின் பெல்ட், நாத்தனாரின் வளையல், ஏழெட்டு ஜோடிச் செருப்பு, எல்லாம் அவள் மடியிலும் மடியைச் சுற்றியும் வந்து விழும். "நீ பாத்துக்க. அடுத்த தடவை நீ இறங்கலாம்" என்பார் கணவர். அடுத்த தடவை வரும். வந்து, அதற்கடுத்த தடவையைக் கைகாட்டிவிட்டுப் போய்விடும். கணவர் தங்கமான மனிதர், அதில் சந்தேகமே வேண்டாம். தங்கத்துக்குக் காது கேட்காது, அவ்வளவுதான்.

இதெல்லாம்கூட அவளுக்குப் பெரிதாகத் தோன்றியதில்லை. ஒரு நாள் சாயங்காலம் டிவியில் கடல் வந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா, "கடலுக்குப் போகணும் போல இருக்கு" என்றாள். கல்லூரியில் படிக்கிற மகள் திரும்பிப் பார்த்து, "உனக்குத்தான் கடல் பிடிக்காதேம்மா" என்றாள். கிண்டலாகச் சொல்லியிருந்தால் அக்காவும் பதிலுக்கு இரண்டு சொல்லியிருப்பாள். அந்தப் பெண் பிரியமாகச் சொன்னாள், ஒத்துக்கொள்ளாத மருந்தைப் பற்றிச் சொல்வதைப் போல. "ஆமா, அம்மாவுக்குத் தண்ணின்னா பயம். எப்பவும் கரையிலேயேதான் உக்காந்திருப்பாங்க" என்று மகன் அதற்கு முத்திரை குத்தினான். கணவர் தலையை ஆட்டினார்.

அக்கா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். உட்கார வைத்தவர்கள் அவர்கள், இப்போது பயம் என்று பெயர் வைக்கிறவர்களும் அவர்கள். நன்றாக இருக்கிறது நியாயம்! ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்றும் குறுகுறுத்தது. ஒருவேளை நிஜமோ? அத்தனை வருடம் பையைச் சாக்கு வைத்து நாமே ஒளிந்துகொண்டிருந்தோமோ? ஒரு முறை இறங்கிப் பார்த்தால் ஒழிய இதற்கு விடை தெரியாது. தெரியாமல் இருக்கவும் அவளால் முடியாது.

கடைக்கு வெள்ளையடிக்க இரண்டு நாள் விடுமுறை விட்டார்கள். "நான் கடலுக்குப் போறேன்" என்று வீட்டில் அறிவித்தாள்.

"யார் கூட?" என்றார் கணவர்.

"தனியா."

"தனியான்னா?"

"தனியான்னா தனியாத்தான். இதுல என்ன விளக்கம் வேண்டியிருக்கு?"

"அங்க போய் என்ன செய்வே?"

"இறங்குவேன்."

கணவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மனதார ஒரு புத்திமதி சொன்னார். "பாத்துப் போ. பையைப் பத்திரமாப் பாத்துக்க."

இருப்பதிலேயே மலிவான பஸ், அதில் இருப்பதிலேயே பின் இருக்கை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அக்கா கூரையைப் பார்த்து வந்தாள். கடலோர ஊரில் இறங்கி, விளக்குப் போட்ட பலகைகளையெல்லாம் கும்பிட்டு அனுப்பிவிட்டு, எழுத்து உதிர்ந்த பலகையுள்ள ஒரு லாட்ஜாகப் பார்த்து ஏறினாள். வாடகைக்குத் தகுந்த அறை. கட்டில் மேல் ஏறி நின்று, கழுத்தை ஜன்னலுக்கு வெளியே வளைத்தால், இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே கைக்குட்டை அளவுக்குக் கடல் தெரிந்தது. போர்வையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம்.

"ஈரம் இல்ல, குளிர்ச்சி. கடல் காத்துல எதுவும் காயாது" என்றாள் லாட்ஜ்காரம்மா. சிரித்தால் மாடிப்படி அதிர்கிற பெண்மணி. சாவியை நீட்டினாள்.

அக்கா சாவியைப் புரட்டிப் பார்த்தாள். "இதுல நம்பரே இல்லையே?"

"எதுக்கு நம்பர்? எந்தச் சாவியைப் போட்டாலும் எந்த ரூமும் திறக்கும். எல்லாப் பூட்டையும் ஒரே ஆள்கிட்ட மொத்தமா வாங்கினேன்."

"அப்புறம் பூட்டு எதுக்குங்க?"

"மனசு நிம்மதிக்கு" என்றாள் லாட்ஜ்காரம்மா. படி அதிர்ந்தது.

பையை அறையில் வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு இறங்கலாம் என்ற திட்டம் அங்கேயே படுத்துவிட்டது. அந்தப் பையில் என்ன இருந்தது? ஒரு மாற்றுடை, ஒரு துண்டு, சீப்பு, இரண்டு பன். திருடன் எடுத்துப் போயிருந்தால் மனம் பொறுக்காமல் ஒரு சோப்பும் வாங்கிப் போட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பான். ஆனாலும் வில்லை மாட்டாத பையை, எல்லாச் சாவிக்கும் வாய் திறக்கிற அறையில் விட்டுப் போக அக்காவால் ஆகவில்லை. தோளில் மாட்டிக்கொண்டாள்.

கடற்கரையில் கூட்டம் நெரிந்தது. அக்கா அலைக்கு எட்டாத தூரத்தில் நின்று, பையை எங்கே வைப்பது என்று பார்த்தாள். தன் குடும்பத்தோடு வந்தபோதெல்லாம் இந்தக் கேள்வி வரவில்லை, ஏனென்றால் பதிலே அவள்தான். தனியாக வந்தவர்களுக்குக் கரையில் யார் இருக்கிறார்கள்? இதை யோசிப்பதற்காகச் சற்று உட்கார்ந்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்து நின்றது. "அக்கா, இங்கதானே இருப்பீங்க? இதைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று ஒரு கைப்பையும் இரண்டு ஜோடிச் செருப்பும் இறங்கின. இல்லை என்று சொல்ல அக்கா வாயைத் திறப்பதற்குள் இருவரும் முழங்கால் தண்ணீரில் இருந்தார்கள். அடுத்து ஒரு அப்பா, மூன்று பிள்ளைகள், மிதவை ஊதுகிற பம்பு. அடுத்து கல்லூரிப் பையன்கள், ஒரு கிதார். சிலருக்கு முகராசி என்பார்கள். அக்காவின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் பையைக் கழற்றத்தான் தோன்றும்.

சரி, வந்தது வந்தாயிற்று, ஒழுங்காகவாவது வைப்போம் என்று அக்கா நினைத்தாள். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? மணலில் கோடு கிழித்துக் கட்டம் போட்டாள். கண்ணாடி இருக்கிற பை மேலே, ஈரத்துண்டு தனியாக, செருப்புகள் ஜோடி ஜோடியாகக் கடலைப் பார்த்து. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வகைக் கிளிஞ்சலை வைத்து, அதே வகையில் ஒன்றைக் கொடுத்தவர் கையிலும் கொடுத்தாள். இந்த ஏற்பாட்டைப் பார்த்த பிறகு கூட்டம் சும்மா இருக்குமா? வரிசை நின்றது. "இங்க சைக்கிள் விடலாமா?" என்று ஒருவர் கேட்டார். "பாப்பாவைக் கொஞ்ச நேரம்..." என்று ஆரம்பித்த ஒரு அம்மாவை மட்டும் அக்கா முறைத்து அனுப்பினாள்.

வெயில் சாய்ந்தது. கடைசிப் பை போனபோது கடல் கறுத்து, விசில் ஊதும் காவலர் எல்லோரையும் கரைக்கு விரட்டிக்கொண்டிருந்தார். ஒரு செருப்புகூட மாறவில்லை. அக்காவின் பாதமும் நனையவில்லை.

லாட்ஜ்காரம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னம்மா இது, காலையில போட்ட மடிப்பு கலையாம வந்திருக்கே? கடலுக்குப் போனியா, கல்யாணத்துக்குப் போனியா?"

நடந்ததைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் மேல்மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அலை எப்போ ஓயறது, தலை எப்போ முழுகறது? உன் பேர்ல தப்பில்லம்மா. அந்தப் பை பேர்லதான் தப்பு. நாளைக்கு அதை இங்க போட்டுட்டுப் போ. அதுல உள்ளதெல்லாம் போனா நான் தரேன்" என்றாள்.

அப்போது மகள் போன் செய்தாள். "கடல் பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"கரையில உக்காந்து நல்லா ரெஸ்ட் எடு. அப்பாவுக்கு ஒரே கவலை, அம்மா தண்ணியில இறங்கிடுவாளோன்னு. நான்தான் சொன்னேன், அம்மா இறங்க மாட்டாங்க, பயப்படாதீங்கப்பான்னு."

அக்கா போனை வைத்தாள். அழுகை வந்தது. இவ்வளவு அன்போடு ஒருத்தியைக் கரையில் கட்டிப்போட முடியுமா என்று இருந்தது. குளிர்ச்சியான போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளி, கதவை வெறுமனே சாத்திவிட்டு, போனை லாட்ஜ்காரம்மாவின் மேஜை டிராயரில் போட்டாள். வில்லை கேட்கவில்லை. கேட்க வந்ததை நாக்கைக் கடித்து நிறுத்திக்கொண்டாள். மத்தியானம் அவளுக்கு பஸ். வெறுங்கையோடு தெருவில் நடப்பது விசித்திரமாக இருந்தது. பாரம் இல்லாத தோள் தானாக மேலே ஏறியது. கைகளை முன்னால் கட்டிப் பார்த்தாள், பின்னால் கட்டிப் பார்த்தாள், கடைசியில் ஒன்றை இன்னொன்று பிடித்துக்கொண்டது.

காலைக் கடற்கரையில் ஆள் இல்லை. தூரத்தில் ஒருவர் ஓடினார், இரண்டு நாய்கள் மணலைத் தோண்டின. செருப்பைக் கழற்றி அப்படியே விட்டாள். தண்ணீர் வந்தது. அக்கா பின்வாங்கினாள். தண்ணீர் போனது. அக்கா முன்னே போனாள். மறுபடியும் வந்தது, மறுபடியும் பின்வாங்கினாள். கடலோடு பேரம் பேசுவதைப் போல நெடுநேரம் இப்படியே நடந்தது. இரண்டு தரப்பும் இறங்கி வரவில்லை.

பை இல்லை, செருப்பு இல்லை, பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரும் இல்லை. அப்புறம் என்ன? கால் வரவில்லை, அதுதான். வீட்டில் சொன்னது சரிதான் என்று அக்காவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியபோது யாரோ தன்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மாதிரி முகம் சுட்டது. திரும்பித் திரும்பிக் கரையைப் பார்த்தாள். ஏன் பார்க்கிறோம் என்று ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. யாராவது ஒரு பையைக் கொண்டுவர மாட்டார்களா என்றுதான்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. வேன் ஒன்று நின்று, ஒரு குடும்பமே இறங்கியது. பெரியவர்கள், பிள்ளைகள், மிதவைகள், மூட்டை மூட்டையாகப் பைகள். அக்கா மணலில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். "பையெல்லாம் பாத்துக்கணுமா? நான் பாத்துக்கறேன், நீங்க இறங்குங்க" என்றாள் மூச்சு வாங்க.

மிதவையை இடுப்பில் மாட்டிக்கொண்டிருந்த ஆள் அவளை ஏற இறங்கப் பார்த்து, பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வேணாங்க. எங்களுக்கு ஆள் இருக்கு."

அக்காவின் வாழ்நாளில் யாரும் அவளிடம் பை கொடுக்க மறுத்ததில்லை. தன்னைத் திருடி என்று நினைத்துவிட்டார் என்பது உறைக்கவே சற்று நேரம் பிடித்தது. முதலில் சுருக்கென்றது. நாலடி நடந்ததும் சிரிப்பு வந்தது. அத்தனை வருட நம்பிக்கை ஒரு நொடியில் போனது. வேலையும் போனது. இனிமேல் ஒளிய இடம் இல்லை. பயத்தோடு நின்று செத்துப்போவதற்குப் பதிலாகப் பயத்தோடு இறங்கிவிடலாம் என்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு நடந்தாள்.

கணுக்கால் நனைந்தது. முழங்கால் நனைந்தது. காலுக்கடியில் மணல் வழுக்கிக்கொண்டு போனபோது "ஐயோ!" என்று கத்தினாள். கத்துவதற்குத் திறந்த வாயில் அடுத்த அலை புகுந்தது. உட்கார்ந்தாள், அல்லது உட்கார வைக்கப்பட்டாள். மூக்கில் உப்பு, காதில் உப்பு, தலைமுடியெல்லாம் முகத்தில். தட்டுத் தடுமாறி எழுந்ததும் இன்னொன்று வந்து முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தது. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். பயம் எங்கேயும் போகவில்லை, உள்ளேயே இருந்தது. ஆனால் இது பிடித்திருந்தது, ஐயோ, எவ்வளவு பிடித்திருந்தது! இரண்டும் ஒரே வயிற்றில் இருக்க முடியும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தக் குடும்பமும் பக்கத்தில் வந்து இறங்கிக் கூத்தடித்தது. மிதவைக்காரர் பிள்ளைகளோடு பிள்ளையாகக் குதித்துக்கொண்டிருந்தார். அக்கா முடியை ஒதுக்கிக்கொண்டு கரையைப் பார்த்தாள். பைகளுக்கு நடுவே, மடி நிறையக் கண்ணாடியும் கடிகாரமுமாக, ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு ஆள் இருக்கு என்று அவர் சொன்னாரே, அந்த ஆள். ஒவ்வொரு அலை எழும்போதும் அந்தப் பெண்ணின் கழுத்தும் கூடவே எழுந்தது.

அக்காவுக்கு முதலில் வந்த யோசனை பழைய யோசனைதான். நாம் கரைக்குப் போய் உட்கார்ந்தால் அந்தப் பெண் இறங்கலாமே. கால்கூட ஒரு எட்டு கரையின் பக்கம் திரும்பிவிட்டது. அந்தக் காலை அங்கேயே நிறுத்தினாள்.

"தம்பி!" என்று கூப்பிட்டாள். மிதவைக்காரர் திரும்பினார். "கரையில இருக்கறது யாரு, உங்க சம்சாரமா?"

"ஆமா. என்னங்க?"

"அவங்க இறங்கலையா?"

"அவளுக்குப் பிடிக்காதுங்க. தண்ணின்னா கொஞ்சம் பயம்" என்றார் அவர், பிரியமாக.

அக்காவுக்கு உள்ளே என்னவோ பொங்கியது. வெங்காயம் உரித்த அந்தச் சாயங்காலத்தில் சொல்லாமல் விழுங்கியது, அதற்கு முன்னால் எத்தனையோ வேன் பயணங்களில் விழுங்கியது, எல்லாம் உப்புத் தண்ணீரோடு சேர்ந்து வாய்க்கு வந்தது. "நீங்க கேட்டீங்களா?" என்று கத்தினாள். அலைச் சத்தத்தில் கத்தாமல் முடியாது. "ஒரு தடவையாவது கேட்டீங்களா? பையை அவங்க தலையில கட்டிட்டு, பிடிக்காதுன்னு நீங்களாச் சொல்லிக்கிட்டா ஆச்சா? போங்க. போய்க் கொஞ்ச நேரம் நீங்க உக்காருங்க. பையைப் பாத்துக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, நான் சொல்றேன்!"

பிள்ளைகள் குதிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மிதவைக்காரர் திருதிருவென்று விழித்தார். யார் இந்த அம்மா, தனக்கு என்ன உறவு, எதற்குத் திட்டு வாங்குகிறோம் என்று ஒன்றும் அவருக்கு விளங்கவில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு பேச அவருக்குத் தைரியமும் வரவில்லை. மிதவையும் இடுப்புமாக நடந்து போய் மனைவியிடம் ஏதோ கேட்டார். அந்தப் பெண் மடியில் இருந்ததையெல்லாம் அவர் கையில் கொட்டிவிட்டு எழுந்த வேகத்தைப் பார்த்து, அவர் மிதவையோடு அப்படியே மணலில் உட்கார்ந்தார்.

அவள் ஓடி வந்தாள். தண்ணீரின் ஓரத்தில் வந்ததும் டக்கென்று நின்றாள். அலை வந்தது, பின்வாங்கினாள். அலை போனது, முன்னே வந்தாள். அக்கா நாலு எட்டு வைத்துப் போய்க் கையை நீட்டினாள். அந்தப் பெண் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான். வா" என்றாள் அக்கா.